குடும்ப மலரின் ஒற்றை வரி: ஒரு மாணவியின் வாசிப்புத்திறனும் ஆய்வுத்திறனும் வளர்ந்த விதம் குறித்த நிகழ்வு ஆய்வு

பின்னணி

கோலாலம்பூரில் உள்ள ஓர் உயர்கல்விக் கூடத்தில், பகுதிநேரமாகத் தமிழ் இளங்கலை பயிலும் மாணவர்களுக்கு, வாசிப்புத்திறனையும் ஆய்வுத்திறனையும் வளர்ப்பதற்கென ஒரு பருவப் பாடம் நடத்தப்படுகிறது. மாணவர் ஒவ்வொருவரும் தமக்கு நெருக்கமான ஒரு பொருளைத் தேர்ந்து, மூலங்களைத் தேடி வாசித்து, பருவ முடிவில் ஓர் ஆய்வுக் கட்டுரையை இடுபணியாக அளிக்க வேண்டும். அதனுடன் வாரந்தோறும், தாம் வாசித்ததையும் கற்றதையும் திரும்பிப் பார்க்கும் குறிப்பாகச் சிந்தனை மீட்சி ஒன்றும் எழுத வேண்டும். பாடத்தை நடத்தும் விரிவுரையாளர் என்ற முறையில், அப்பருவத்தில் ஒரு மாணவியிடம் நிகழ்ந்த மாற்றத்தை அவருடைய இசைவோடு இங்கே பதிவு செய்கிறேன். அவரையும் அவர் குடும்பத்தாரையும் அடையாளம் காட்டக்கூடிய விவரங்கள் விடப்பட்டுள்ளன.

மாணவி செந்தூலில் ஒரு பாலர் பள்ளியில் ஆசிரியையாகப் பணியாற்றுபவர், வயது முப்பதுக்குள். தமிழில் சரளமாக எழுதுவார், மலாயும் கைவந்தது. ஆங்கில நூல்களை மட்டும் மெதுவாகவே வாசிப்பார், அதுவும் ஒரு தயக்கத்தோடு. வேலை முடிந்து மாலை வகுப்புக்கு வரும் பெரும்பாலோரைப் போலவே அவருக்கும் நூலகத்தில் உட்கார நேரம் குறைவு. கைப்பேசியில் தேடி, புலனத்தில் (வாட்ஸ்அப்பில்) வருவதைச் சேமித்து, அவற்றைக் கோத்து எழுதுவதே அதுவரை அவருடைய பழக்கமாக இருந்தது.

அவர் தேர்ந்த பொருள், ‘மலேசியத் தமிழர் இந்நாட்டுக்கு வந்த வரலாறு’. இவ்வளவு அகன்ற பொருளை ஒரு பருவத்தில் யாராலும் செய்ய முடியாது. ஆனாலும் அதை முதல் வாரத்திலேயே மறுக்கவில்லை. பொருள் எங்கே சுருங்க வேண்டும் என்பதை வாசிப்பு காட்டும்போதுதான் மாணவருக்கு அது புரிகிறது என்பது என் அனுபவம்.

தொடக்கத்தில் கண்டவை

முதல் வரைவின் தொடக்கப் பத்தியில் அவர் தம் குடும்பத்தைப் பற்றி ஒரு வரி எழுதியிருந்தார்: ‘எங்கள் பூட்டனார் 1924ஆம் ஆண்டு ரஜூலா கப்பலில் ஒப்பந்தக் கூலியாகப் பேராக்கில் உள்ள ஒரு ரப்பர் தோட்டத்திற்கு வந்தார்.’ சில ஆண்டுகளுக்கு முன் குடும்ப ஒன்றுகூடலுக்காக அவருடைய பெரியப்பா தொகுத்து அச்சிட்ட மலரிலிருந்து எடுத்த வரி அது. அச்சில் வந்திருந்ததால் அதை மேலும் சரிபார்க்க வேண்டும் என்று அவருக்குத் தோன்றவில்லை.

வரைவின் எஞ்சிய பகுதி, பல கட்டுரைகளிலிருந்து திரட்டிய செய்திகளால் ஆனது. தொழிலாளியைக் குறித்த காலத்துக்கு ஒரே முதலாளியிடம் கட்டுப்படுத்தும் ஒப்பந்த முறையும், தோட்டத்துக்காக ஊரிலிருந்து ஆள் சேர்த்து வரும் கங்காணி வழியான கங்காணி முறையும் ஒரே பத்தியில், ஒன்றுக்கு மற்றொன்று மாற்றுப் பெயர் என்பது போலக் கலந்திருந்தன. துணைநூற்பட்டியல் நீளமாக இருந்தது. ஆனால் அதிலிருந்த பல கட்டுரைகளில் ஒரே வாக்கியம் ஒரே எழுத்துப் பிழையோடு இடம்பெற்றிருந்தது. ஒன்றைப் பார்த்து மற்றொன்று எழுதப்பட்டது என்பதற்கு அதைவிடச் சான்று தேவையில்லை. செயற்கை நுண்ணறிவுச் செயலியிடம் கேட்டுப் பெற்ற ஒரு நூலின் பெயரும் பட்டியலில் இருந்தது. எந்த நூலகப் பட்டியலில் தேடியும் அப்படியொரு நூல் கிடைக்கவில்லை. அதை மாணவியே தேடிப் பார்த்து நீக்கினார்.

சிந்தனை மீட்சியோ இன்னும் மெலிந்திருந்தது. ‘இவ்வாரம் பல புதிய தகவல்களை அறிந்துகொண்டேன். மிகவும் பயனாக இருந்தது. இன்னும் அதிகமாக வாசிக்க முயல்வேன்’ என்பதே முதல் மூன்று வாரங்களும் சிறு மாற்றங்களோடு திரும்பத் திரும்ப வந்தது. இது இவருக்கு மட்டும் உரிய குறையன்று. நாள் பாடத்திட்டத்தின் அடியில் சிந்தனை மீட்சி எழுதிப் பழகிய ஆசிரியர்கள், மேலதிகாரி பார்த்துக் கையொப்பமிடுவதற்கு ஏற்ற ஒரு நடையைக் கைக்கொண்டு விடுகிறார்கள். அந்த நடை இங்கும் வந்துவிடுகிறது. அதைப் படித்து, எழுதியவர் அவ்வாரம் எதை வாசித்தார் என்று யாராலும் சொல்ல இயலாது.

முதல் முடிவு: வரியைப் பிரித்தல்

குடும்ப மலரின் அந்த வரியில் இரண்டு இடர்ப்பாடுகள் உள்ளன என்பது எனக்குப் படித்தவுடனே தெரிந்தது. பிரிட்டிஷ் இந்தியா கப்பல் நிறுவனத்தின் ரஜூலா கட்டி முடிக்கப்பட்டது 1926இல். 1924இல் அது கடலிலேயே இல்லை. மலாயாவுக்கு இந்தியத் தொழிலாளரை ஒப்பந்தத்தில் சேர்ப்பது 1910இல் நிறுத்தப்பட்டு, எஞ்சிய ஒப்பந்தங்களும் அடுத்த சில ஆண்டுகளில் முடிந்துவிட்டன. ஆக, 1924இல் வந்தவர் ஒப்பந்தக் கூலியாக வந்திருக்க முடியாது.

இவ்விரண்டையும் ஓரக்குறிப்பாக எழுதித் திருப்பித் தந்திருந்தால் ஐந்து நிமிடத்தில் வேலை முடிந்திருக்கும். மாணவியும் ஆண்டை மாற்றி, சொல்லை மாற்றி, நன்றி கூறியிருப்பார். ஆனால் அப்போது அவர் நம்பியிருக்கக்கூடியது மலருக்குப் பதிலாக என்னை. மூலத்தை மாற்றுவது வேறு, மூலத்தை எடைபோடக் கற்பது வேறு. ஆகையால் திருத்தம் எதையும் சொல்லாமல், அந்த வரியில் எத்தனை தனித்தனிக் கூற்றுகள் உள்ளன என்று பிரித்து எழுதி, ஒவ்வொன்றும் பெரியப்பாவுக்கு எங்கிருந்து கிடைத்தது என்று கண்டுவருமாறு மட்டும் கேட்டேன்.

அவர் ஆண்டு, கப்பல், வந்த முறை, போய்ச் சேர்ந்த இடம் என நான்காகப் பிரித்தார். போய்ச் சேர்ந்த இடத்துக்குச் சான்று கையிலேயே இருந்தது: பூட்டனாரின் மகனான தாத்தாவின் பிறப்புச் சான்றிதழ், 1928இல், அதே பேராக் தோட்டத்தில் பிறந்ததாகக் காட்டியது. பூட்டனார் 1928க்கு முன்பே அங்கு வந்துவிட்டார் என்ற ஓர் எல்லையும் இதனால் கிடைத்தது. அந்தச் சான்றிதழ் வீட்டு அலமாரியில் பல காலமாக இருந்தும், அதை ஆய்வு மூலமாக அதுவரை யாரும் எண்ணிப் பார்க்கவில்லை.

இந்தக் கட்டத்தில் பொருளும் சுருங்கியது. மலேசியத் தமிழர் அனைவரின் வருகை என்பதை விட்டு, ‘1920களில் பேராக் தோட்டம் ஒன்றுக்கு வந்த ஒரு குடும்பத்தின் வாய்மொழிச் செய்தியும் எழுத்துச் சான்றுகளும்’ என்று தலைப்பை மாற்றிக்கொள்ள அவரே அனுமதி கேட்டார். தலைப்பு மாற்றத்திற்குரிய காலக்கெடு அப்போது கடந்திருந்தது. காலக்கெடுவைத் தளர்த்தியதற்குக் காரணம், அந்த மாற்றம் சோம்பலால் வரவில்லை, வாசிப்பால் வந்தது என்பதே.

சிந்தனை மீட்சிப் படிவத்தின் மாற்றம்

அதே வாரத்தில் சிந்தனை மீட்சியின் வடிவத்தையும் வகுப்பு முழுமைக்கும் மாற்றினேன். எப்படி உணர்ந்தீர்கள் என்ற கேள்வியை எடுத்துவிட்டு, எதைத் தேடிப் போனீர்கள், எங்கே தேடினீர்கள், வாசிப்பதற்கு முன் என்ன நினைத்திருந்தீர்கள், இப்போது என்ன நினைக்கிறீர்கள், எதை விட்டுவிட்டீர்கள், ஏன் விட்டீர்கள் என்பவற்றைக் கேட்டேன். விட்டதைக் கேட்கும் அந்தக் கடைசிக் கேள்வியை மாணவர்கள் விரும்பவில்லை. கட்டுரையில் சேராத ஒன்றைப் பற்றி ஏன் எழுத வேண்டும் என்று வகுப்பில் ஒருவர் கேட்டார். நேரம் வீணாகிறது என்ற கருத்தும் வந்தது. பகுதிநேர மாணவர்களின் நேர நெருக்கடியை அறிந்தவர் எவரும் அதை அலட்சியமாகத் தள்ள முடியாது. எனவே நீளத்தைப் பாதியாகக் குறைத்தேன், கேள்வியை எடுக்கவில்லை.

வளர்ச்சியை நான் காண முடிந்தது பெரும்பாலும் அந்தக் கேள்விக்கு வந்த விடைகளில்தான். இறுதிக் கட்டுரையில் சேர்த்தவை மட்டுமே தெரியும். எதைக் கையில் எடுத்து, எடைபோட்டு, கீழே வைத்தார் என்பது அதில் தெரியாது.

நூலை வாசித்த முறை

பின்னணிக்காகக் கெர்னியல் சிங் சந்துவின் ஆங்கில நூலை வாசிக்கப் பரிந்துரைத்தேன். 1786 முதல் 1957 வரை மலாயாவில் இந்தியர் குடியேற்றத்தை ஆராயும் அந்நூலைக் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக அச்சகம் 1969இல் வெளியிட்டது. மாணவி அதை முதல் பக்கத்திலிருந்து கதை நூலைப் போல வாசிக்கத் தொடங்கி, இரண்டு மாலைகளில் சில பக்கங்களுக்கு மேல் நகர முடியாமல், தமக்கு ஆங்கிலம் போதாது என்ற முடிவோடு வந்தார்.

அவருக்குப் போதாதிருந்தது ஆங்கிலம் மட்டும் என்று நான் கருதவில்லை. தமிழில் ஆய்வு நூல் ஒன்றைக் கொடுத்திருந்தாலும் அவர் அப்படியே வாசித்திருப்பார். ஆகவே வகுப்பிலேயே நூலைத் திறந்து, பின்பக்கத்திலிருந்து தொடங்கினோம். சொல்லடைவில் கங்காணி என்ற சொல் வரும் பக்கங்களைக் குறித்தல். குடியேற்ற நிதியைப் பற்றிய பக்கங்களைக் குறித்தல். இரண்டு பட்டியலிலும் பொதுவாக வரும் பக்கங்களை முதலில் வாசித்தல். அப்பக்கங்களின் அடிக்குறிப்புகள் எந்த ஆவணத்தைக் காட்டுகின்றன என்று பார்த்தல். இவ்வளவையும் ஒரு வகுப்பு நேரத்தில் செய்ய முடிந்தது. ஆங்கிலம் நன்கு வாசிக்கும் மற்றொரு மாணவரோடு அவரை இணையாக்கினேன். அந்த மாணவருக்குத் தமிழ் நடையில் உதவி தேவைப்பட்டது என்பதால் இருவருக்கும் அது கொடுக்கல் வாங்கலாக அமைந்தது.

இந்த வாசிப்பில் இரண்டு முறைகளும் பிரிந்து தெரியத் தொடங்கின. ஒப்பந்த முறையில் தொழிலாளி குறித்த கால அளவுக்கு ஒரே முதலாளியிடம் கட்டுண்டு கிடந்தார். பயணச் செலவு அவர் தலையில் கடனாக ஏறியது. பணியிலிருந்து விலகினால் தண்டனை உண்டு. கங்காணி முறையில், தோட்டத்தில் ஏற்கெனவே வேலை செய்யும் ஒருவர் உரிமம் பெற்றுத் தம் ஊருக்கே போய், உறவினரையும் ஊராரையும் அழைத்து வந்தார். அவர்கள் வேலைக்குப் போகும் நாளுக்கு ஏற்ப அவருக்குத் தலைக்காசு கிடைத்தது. 1907ஆம் ஆண்டுச் சட்டத்தால் அமைந்த தமிழர் குடியேற்ற நிதிக்குத் தோட்ட முதலாளிகள் தங்கள் தொழிலாளர் உழைத்த நாள் கணக்கின்படி பணம் செலுத்த, அந்நிதி கப்பல் கட்டணத்தை ஏற்றது. இதனால் வந்தவர்கள் சட்டப்படி கடனின்றி வந்தார்கள். நடைமுறையில் கங்காணியிடமும் கடைக்காரரிடமும் கடன் வேறு வழியில் ஏறியது என்பது தனிக் கதை.

அட்டவணை வாசிப்பும் இங்கேதான் மாறியது. ஆண்டுவாரியான வருகைக் கணக்கைக் கண்டதும், ‘இத்தனை தமிழர்கள் குடியேறினர்’ என்று அவர் முதலில் எழுதினார். அட்டவணையின் தலைப்பையும் அடியில் உள்ள குறிப்பையும் வாசிக்கச் சொன்னபோது, அது கப்பலிலிருந்து இறங்கியோரின் எண்ணிக்கை என்பதும், ஊருக்குப் போய்த் திரும்பி வந்த ஒருவர் மீண்டும் எண்ணப்பட்டிருப்பார் என்பதும், புறப்பட்டுப் போனவர்களின் கணக்கு வேறு அட்டவணையில் உள்ளது என்பதும் புலப்பட்டன. அவ்வாரச் சிந்தனை மீட்சியில், ‘எண்ணைப் பார்க்கும் முன் தலைப்பைப் பார்க்க வேண்டும், இதுவரை நான் எந்த அட்டவணையின் தலைப்பையும் முழுதாக வாசித்ததில்லை’ என்று எழுதியிருந்தார். அந்த ஒரு வரி, அதற்கு முந்திய வாரங்களின் அத்தனை பக்கங்களையும் விட எனக்குப் பயனுடையதாக இருந்தது.

பாட்டியிடம் இரண்டாவது நேர்காணல்

கப்பல் பற்றிய கூற்றுக்கு மூலம் பாட்டி என்று பெரியப்பா சொல்லியிருந்தார். பாட்டி பூட்டனாரின் மருமகள். 1930களில் இந்நாட்டிலேயே தோட்டத்தில் பிறந்தவர். மாணவி பருவத் தொடக்கத்திலேயே அவரிடம் பேசிப் பதிவு செய்திருந்தார். அப்பதிவை வகுப்பில் கேட்டபோது, கேள்விகள் பெரும்பாலும் விடையையும் சேர்த்தே சுமந்திருந்தன. ‘பூட்டனார் ரஜூலாவில்தானே வந்தார்?’ என்று கேட்டதற்கு, ‘ஆமாம்மா, ரஜூலாதான்’ என்று பாட்டி சொல்லியிருந்தார்.

இரண்டாவது முறை போகும்போது கேள்விகளை முன்கூட்டியே எழுதி எடுத்துச் செல்ல வேண்டும், கப்பலின் பெயரை மாணவி தாமாகச் சொல்லக் கூடாது, ஒவ்வொரு செய்தியையும் பாட்டி கண்டாரா கேட்டாரா என்று அறிய வேண்டும் என்று முடிவு செய்தோம். நேர்காணலின் முக்கியப் பகுதி இது:

‘மாமனாரு வந்த கப்பலப் பத்தி அவரு என்ன சொல்லுவாரு பாட்டி?’

‘கப்பல்ல வாந்தி எடுத்தே ஓய்ஞ்சு போனாராம். எறங்கினதும் ஒரு தீவுல அடச்சு வச்சு, மருந்துத் தண்ணியில குளிப்பாட்டி, துணியெல்லாம் வேக வச்சுக் குடுத்தாங்களாம். அதத்தான் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாரு.’

‘கப்பல் பேரு சொல்லுவாரா?’

‘பேரு... ரஜூலான்னுதான் சொல்லுவோம். நானும் உங்க தாத்தாவும் நாகப்பட்டினம் போனமே, அந்தக் கப்பல்தான். உங்க பெரியப்பா அப்பக் கைக்கொழந்த.’

பாட்டி ரஜூலாவில் தாமே பயணம் செய்திருக்கிறார் என்பது குடும்பத்தில் இளையவர்களுக்குத் தெரியாத செய்தி. சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, போர்ட் சுவெட்டன்ஹாம் (இன்றைய கிள்ளான் துறைமுகம்), சிங்கப்பூர் என்ற வழியில் ரஜூலா 1970களின் தொடக்கம் வரை ஓடியது. அதனோடு அதே 1926இல் கட்டப்பட்டு அதே வழியில் ஓடிய ரோனா என்ற கப்பல் போர்க்காலத்தில் படைவீரரை ஏற்றிச் சென்றபோது 1943இல் மத்தியதரைக் கடலில் மூழ்கடிக்கப்பட்டது. அதற்கு முந்திய கப்பல்களின் பெயரை இன்று எந்தக் குடும்பமும் சொல்லக் கேட்டதில்லை. நீண்ட காலம் ஓடிய கப்பலின் பெயர், அதற்கு முன் வந்தவர்களின் பயணத்துக்கும் ஒட்டிக்கொண்டிருக்கலாம் என்று மாணவி ஊகித்தார்.

நல்ல ஊகம்தான். ஆனால் அடுத்த வரைவில் அது ஊகமாக நிற்கவில்லை. ‘பாட்டியின் நினைவு தவறு என நிறுவப்பட்டது’ என்று எழுதப்பட்டிருந்தது. பழைய நம்பிக்கை ஒன்று உடையும்போது அதே வேகத்தில் புதிய ஒன்றை நம்பிவிடுவது ஆய்வு பழகுவோரிடம் நான் அடிக்கடி காணும் நிலை. பூட்டனார் 1926க்கும் 1928க்கும் இடையில் வந்திருந்தால் ரஜூலாவிலேயே வந்திருக்கலாம் அல்லவா, உங்கள் சான்றுகளில் எது அதை மறுக்கிறது என்று மட்டும் கேட்டேன். மறுக்கும் சான்று 1924 என்ற ஆண்டு ஒன்றே. ஆக, ஆண்டு எங்கிருந்து வந்தது என்ற கேள்விக்கு அவர் போக வேண்டியதாயிற்று.

அந்தத் தீவைப் பற்றிய செய்தி மலரில் இல்லை. பெரியப்பா அதைச் சிறு விஷயம் என்று விட்டுவிட்டார். ஆனால் பினாங்கில் இறங்கிய தென்னிந்தியத் தொழிலாளர் ஜெரஜாக் தீவில் தொற்றுத்தடைக் காவலில் வைக்கப்பட்டு, கிருமிநீக்கத்திற்குப் பின்பே தோட்டங்களுக்கு அனுப்பப்பட்டனர் என்பது எழுத்துச் சான்றுகளில் உள்ள செய்தி. பேராக் தோட்டத்துக்குப் பினாங்கு வழி போவதும் இயல்பு. அச்சில் வந்த மூன்று செய்திகளும் ஆட்டம் காண, அச்சில் வராத இந்தச் செய்தி ஆவணத்தோடு பொருந்தியது. கட்டுரையின் வலுவான பகுதியாகப் பின்னர் அமைந்ததும் இதுவே.

பெரியப்பாவின் வருத்தம்

ஆண்டைப் பற்றிக் கேட்கப் போனபோதுதான் சிக்கல் எழுந்தது. பூட்டனார் 1974இல் இறந்தபோது, ‘ஐம்பது வருஷம் இந்த மண்ணில் உழைத்தவர்’ என்று இரங்கல் கூட்டத்தில் ஒருவர் பேசினாராம். அதிலிருந்து ஐம்பதைக் கழித்து 1924 என்று மலரில் போட்டதாகப் பெரியப்பா சொன்னார். சொல்லிவிட்டு, தாம் ஆண்டுக்கணக்கில் அலைந்து தொகுத்ததைப் படித்த பிள்ளை வந்து பிழை சொல்கிறது என்று குடும்பப் புலனக் குழுவில் மனம் நொந்து எழுதினார். உறவினர் சிலரும் அவர் பக்கம் பேசினர். மாணவி ஒரு வாரம் எழுதவே இல்லை. பொருளையே கைவிடலாமா என்று கேட்டார்.

கைவிட வேண்டாம், ஆனால் பெரியப்பாவின் ஒப்புதல் இல்லாமல் மலரைப் பற்றி எதையும் எழுதவும் வேண்டாம் என்று முடிவு செய்தோம். அடுத்த முறை அவர் வரைவை எடுத்துச் சென்று பெரியப்பாவுக்கே வாசித்துக் காட்டினார். மலர் இல்லாவிட்டால் தாத்தாவின் தோட்டத்தின் பெயர்கூடத் தமக்குத் தெரிந்திருக்காது என்று வரைவில் எழுதியிருந்ததைக் கேட்டபின் அவர் தணிந்தார். ஒப்பந்தக் கூலி என்று ஏன் எழுதினார் என்பதும் அப்போதே தெரியவந்தது: பூட்டனார் ஊரில் கைரேகை வைத்துவிட்டு வந்ததாகச் சொல்லுவாராம், கைரேகை என்றால் ஒப்பந்தம் என்று பெரியப்பா எடுத்துக்கொண்டார். கங்காணி சேர்த்த ஆட்களையும் ஊர் அதிகாரியான முன்சீப் முன் நிறுத்திச் சான்று பெறும் நடைமுறை இருந்ததை மாணவி வாசித்திருந்தார். ஆயினும் இம்முறை, ‘இவ்விரண்டும் ஒன்றாக இருக்கலாம், உறுதிப்படுத்தும் சான்று என்னிடம் இல்லை’ என்று எழுதினார். முந்திய வரைவில் நிறுவப்பட்டது என்று எழுதிய கை அது.

காப்பகத்தில் ஒரு நாள்

பழைய தொழிலாளர் துறை ஆண்டறிக்கைகளைப் பார்ப்பதற்காக அவர் ஒரு நாள் விடுப்பெடுத்துக் கோலாலம்பூரிலுள்ள மலேசியத் தேசிய ஆவணக் காப்பகத்துக்குச் சென்றார். பூட்டனாரின் பெயர் எங்காவது இருக்கும் என்ற எதிர்பார்ப்போடு போனவருக்கு, கிடைத்த ஆவணங்கள் எண்ணிக்கைகளையே தந்தன, பெயர்களைத் தரவில்லை. இணையத்திலுள்ள சிங்கப்பூர்ப் பழைய நாளிதழ்த் தொகுப்பிலும் கப்பல் வருகை அறிவிப்புகள் கிடைத்தன, பயணிகள் பெயர் கிடைக்கவில்லை. கங்காணி என்பதை ஆங்கிலத்தில் பல விதமாக எழுத்துக்கூட்டியிருப்பதால் ஒவ்வொன்றையும் தனித்தனியாக இட்டுத் தேட வேண்டும் என்பதை அங்கே கற்றுக்கொண்டார். விடுப்புக்கு ஈடாக அதிகம் கிடைக்கவில்லை என்று அவர் குறைப்பட்டது நியாயமே. அன்றைய சிந்தனை மீட்சியில், தேடிய கோப்புகளையும் அவற்றில் என்ன இல்லை என்பதையும் வரிசையாக எழுதியிருந்தார்; அடுத்து அதே கேள்வியோடு போகும் ஒருவருக்கு அரை நாளை மிச்சப்படுத்தும் குறிப்பு அது.

விளைவு

இறுதிக் கட்டுரை, பூட்டனார் 1928க்கு முன் பேராக் தோட்டத்தை அடைந்தார், பினாங்கு வழி வந்து தொற்றுத்தடைக் காவலில் இருந்தார் என்பது வாய்மொழியும் ஆவணமும் ஒத்துப்போகும் செய்தி, ஒப்பந்த முறையில் வந்திருக்க இயலாது, நிதி உதவியோடு கங்காணி வழி வந்திருக்கலாம், கப்பலின் பெயர் உறுதியில்லை என்ற அளவில் நின்றது. 1920களின் நடுவில் ரப்பர் விலை ஏறி ஆள்சேர்ப்பு பெருகியதையும், 1930களின் தொடக்க மந்தத்தில் ஆயிரக்கணக்கானோர் ஊருக்குத் திருப்பி அனுப்பப்பட்டதையும் பின்னணியாக எழுதி, தம் குடும்பம் அப்போது திரும்பாமல் எப்படித் தங்கியது என்பதை அடுத்த கேள்வியாக வைத்திருந்தார்.

மதிப்பெண்ணில் அவர் நடுத்தர நிலையிலேயே வந்தார். மதிப்பீட்டுப் படிவம் பொருளின் விரிவுக்கும் நடைக்கும் மேற்கோள்களின் எண்ணிக்கைக்கும் கூடுதல் இடம் தந்திருந்தது. அகன்ற பொருளில் சரளமாக எழுதி, ஒரு மூலத்தையும் கேள்வி கேட்காத வேறொரு கட்டுரை அவரை முந்தியது. இரண்டாம் மதிப்பீட்டாளர், இக்கட்டுரை முடிவில்லாமல் தொங்குகிறது என்று குறிப்பெழுதியிருந்தார். சான்று எங்கே நிற்கிறதோ அங்கே முடிவும் நிற்க வேண்டும் என்பதே என் கருத்து. அதைத் துறைக் கூட்டத்தில் சொன்னேன். அவர் கருத்தை மாற்றிக்கொள்ளவில்லை, மதிப்பெண்ணும் மாறவில்லை.

அடுத்த பருவத்தில் வேறு பாடத்திற்கு அவர் அளித்த இடுபணியைச் சக விரிவுரையாளர் ஒருவர் எனக்குக் காட்டினார். துணைநூற்பட்டியல் குறுகியிருந்தது, ஒவ்வொரு மூலத்தின் எதிரிலும் அது நேரடிச் சான்றா, பிறர் சொல்லியதா என்று பென்சிலால் குறித்திருந்தார். அதை யாரும் கேட்டிருக்கவில்லை.

ஒரே ஒரு மாணவியைப் பற்றிய பதிவு இது. ஆய்வுப்பொருள் அவருடைய சொந்தக் குடும்பமாக அமைந்ததால் கிடைத்த ஊக்கம் எல்லாருக்கும் கிடைக்கும் என்று கொள்ள முடியாது. அதே வகுப்பில் புதிய படிவத்தையும் பழைய நடையிலேயே நிரப்பித் தந்தவர்களும் இருந்தனர்.

அடுத்த முறை மாற்ற வேண்டியவை

புதிய சிந்தனை மீட்சிப் படிவம் முதல் வாரத்திலிருந்தே பயன்படுத்தப்படும். அதற்கும் தேடல் குறிப்புக்கும் மதிப்பெண்ணில் ஒரு பங்கு ஒதுக்கத் துறை இசைந்துள்ளது, பங்கின் அளவு இன்னும் முடிவாகவில்லை. சொல்லடைவிலிருந்தும் அடிக்குறிப்பிலிருந்தும் நூலை வாசிக்கும் பயிற்சி, மாணவர் திணறியபின் அல்லாமல் தொடக்கத்திலேயே வைக்கப்படும். குடும்பத்தாரை நேர்காணப் போகும் எவரும், அவர்கள் சொல்வது கேள்விக்கு உட்படக்கூடும் என்பதை முன்கூட்டியே அவர்களிடம் விளக்கி ஒப்புதல் பெற்ற பின்பே பதிவைத் தொடங்க வேண்டும். பெரியப்பாவின் வருத்தத்தை அது முழுதும் தவிர்த்திருக்கும் என்று சொல்ல முடியாவிட்டாலும், புலனக் குழுவில் வெடிக்கும் அளவுக்குப் போயிருக்காது.

காப்பக வருகையைப் பருவ விடுமுறை வாரத்தில் குழுவாக மேற்கொள்ளலாம் என்று துறைக் கூட்டத்தில் பேசப்பட்டது. ஆனால் வேலைக்குப் போகும் மாணவர்களுக்கு எங்கள் பருவ விடுமுறை விடுமுறையே அன்று. பாலர் பள்ளிகளின் விடுமுறை வாரத்தைக் கேட்டறிந்து அதற்கேற்ப நாளைக் குறிக்க முயன்று வருகிறோம். வரும் பருவத்தில் சேர்ந்துள்ளோரில் பாதிப்பேர் தொழிற்சாலைகளிலும் கடைகளிலும் வேலை செய்பவர்கள் என்பதால், அதுவும் பாதிப்பேருக்கே உதவும்.